மடிக்காத இலை

ஒரு விடுகதை போடுகிறேன், விடுவித்துவிட்டு மேலே வாருங்கள். வாய் உண்டு, வயிறு உண்டு, கை மட்டும் கிடையாது. கூப்பிட்டால் பந்தியில் வந்து உட்காரும், உட்கார்ந்தால் எழுந்திருக்காது. அது என்ன?

கிணறு என்று ஒருவர் சொல்வீர்கள். கிணற்றுக்கு வாயும் வயிறும் உண்டுதான், ஆனால் கிணற்றை யாரும் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. அடுப்பு என்று இன்னொருவர் சொல்வீர்கள். அடுப்பும் தின்னும், ஆனால் தண்ணீர் தெளித்தால் அணைந்துவிடும். உரல், உலை, உண்டியல் என்று நீங்கள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகலாம், நானும் இல்லை இல்லை என்று தலையாட்டிக்கொண்டே இருப்பேன். விடை ஆலடிக் காலனியில் இருக்கிறது. அந்தக் காலனிப் பிள்ளைகளிடம் இந்த விடுகதையைப் போட்டால் அவர்கள் விடை சொல்ல மாட்டார்கள். பேசாமல் எழுந்து வீட்டுக்குள் போய்விடுவார்கள்.

ஆலடிக் காலனி மதுரையில், வைகைக்கு வடக்கே, மூன்று மாடி வீடுகள் எதிரெதிராக நிற்கும் சாதாரணக் காலனி. ஆலமரம் என்றைக்கோ போய்விட்டது, பெயர் மட்டும் இருக்கிறது. குப்பை நாறுகிறது என்று அங்கே எல்லோரும் எல்லோரையும் குறை சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாகரத்தினம், சமையலறைக் கழிவை இனி வெளியே அனுப்ப வேண்டாம், நாமே ஓரிடத்தில் சேர்த்து உரமாக்குவோம் என்று சொல்லி, காலனியின் கிழக்கு மூலையில் சிமெண்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கி, காற்றுப் போகப் பக்கங்களில் துளைகள் விட்டு, அடியில் உரம் அள்ள ஒரு சின்னக் கதவும் வைத்து, ஓர் உரக்குழி கட்டினார். வீட்டுக்கு ஒரு பச்சை வாளி கொடுத்தார்கள். தோல், காம்பு, டீத்தூள், முட்டை ஓடு போடலாம், சமைத்த சோறும் எலும்பும் போடக் கூடாது என்று சுவரில் எழுதினார்கள். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற வழியில் வாளியைக் கொண்டுவந்து கொட்ட வேண்டும், அன்றைய முறைக்காரர் அதன்மேல் சருகு தூவ வேண்டும், கொட்டிய பிள்ளையின் புறங்கையில் ஒரு நட்சத்திரம் ஒட்ட வேண்டும் என்று ஏற்பாடு.

நாகரத்தினம் எதையும் முறையாகச் செய்கிறவர். புதுக் குழாய் போட்டால்கூடத் தேங்காய் உடைக்காமல் திறக்க மாட்டார். ஒரு காலனியே சோறு போடப்போகிற வாய்க்கு முதல் கவளம் தோலும் காம்புமாகவா இருப்பது என்று அவர் கேட்டார். அதில் நியாயம் இருப்பதாகவே எல்லோருக்கும் பட்டது. அதனால் குழி திறக்கிற அன்று அதற்கு ஓர் இலைச் சாப்பாடு போடுவது என்று முடிவானது. கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறுகிற தவமணி அந்தக் காலனிக்காரர்தான், அவரே முன்னால் நின்றார். குழிக்கு இடப்பக்கம் எது, வலப்பக்கம் எது என்று கொஞ்ச நேரம் பேசி, அது கிழக்குப் பார்த்து உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொண்டு, சருகுப் படுக்கையின்மேல் ஒரு தலைவாழை இலையை நுனி இடப்பக்கம் வரும்படி விரித்தார். வீட்டுக்கு ஒரு பதார்த்தம், ஆளுக்கு ஒரு கை. பெரியவர்கள் பரிமாறினார்கள், பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்து அவர்கள் கையாலும் ஓர் அப்பளமோ ஒரு வடையோ வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் மாடியில் குடியிருந்த பேச்சியம்மாளுக்கு வசதி போதாது என்று தெரிந்து, மனம் நோகாமல் அவளுக்கு உப்பை ஒதுக்கினார்கள். அவள் இலையின் ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைத்தாள். சோறு, பருப்பு, நெய், சாம்பார், ரசம், பாயசம், மோர் என்று எல்லாம் விழுந்த பிறகு நாகரத்தினம் கைகூப்பி, "சாப்பிடுங்க" என்றார். பிறகு புளித்த மோரைத் தெளித்து, சருகை அள்ளி மூடிவிட்டு, எல்லோரும் கை கழுவிக்கொண்டு தாங்கள் சாப்பிடப் போனார்கள்.

அங்கே வராத பிள்ளை ஒன்றுதான். பேச்சியம்மாளின் மகள் தமயந்திக்கு அம்மை போட்டிருந்தது. அவள் வேப்பிலைமேல் படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக, கீழே ஜனங்கள் வட்டமாகக் குனிந்து நிமிர்வதை மட்டும் பார்த்தாள்.

மறுநாள் நண்பகலில், குக்கர்கள் அடங்கித் தட்டுகள் சத்தமிடத் தொடங்கும் நேரத்தில், குழி "அப்புறம்?" என்றது.

அதட்டலாகக் கேட்கவில்லை, பசியோடும் கேட்கவில்லை. சாம்பார்ச் சோற்றை முடித்துவிட்டு, வாளியோடு போகிறவரை நிமிர்ந்து பார்க்கிற ஒரு நல்ல விருந்தாளியின் குரல் அது, மரியாதையான குரல், கொஞ்சம் கூச்சமும் கலந்த குரல். முறைக்கு நின்றிருந்த பெண்கள் அதைக் கேட்டுவிட்டு, கையிலிருந்த சருகைத் தூவி முடித்து, வீட்டுக்குப் போய்க் குழி அப்புறம் கேட்கிறது என்று சொன்னார்கள். கேட்டவர்களும் அப்படியா, இன்னும் ஒரு கை கழிவு கிடக்கிறது, கொண்டுபோய்ப் போட்டுவிடு என்றார்கள். பால்காரர் வந்துவிட்டார் என்பதுபோலத்தான் அதையும் சொன்னார்கள். பக்கத்துக் காலனிகளின் குழிகள் ஊமையாகக் கிடக்கின்றன, நம் குழி வாய்விட்டுக் கேட்கிறது என்று கொஞ்ச காலம் அவர்களுக்குப் பெருமைகூட இருந்தது. விருந்தாட வந்த உறவுக்காரர்களை மதியம் மூலைக்கு அழைத்துப்போய் அந்தக் குரலைக் கேட்கவைத்து அனுப்பினார்கள்.

பெருமை போய்ப் பயம் வந்தது மூலைவீட்டுக்காரர்களால். அவர்கள் ஒரு காதுகுத்துக்குத் திண்டுக்கல் போய்விட்டுத் திரும்பினார்கள். போயிருந்த நாட்களில் அவர்கள் வாளி காலியாகவே இருந்தது. வந்து சமைத்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள், வயிறு நிறையவில்லை. மறுபடி சோறு வடித்துச் சாப்பிட்டார்கள், நிறையவில்லை. பக்கத்து வீட்டில் இட்லி வாங்கித் தின்றார்கள், கடையில் பரோட்டா வாங்கித் தின்றார்கள், தொண்டை வலித்தது, தாடை வலித்தது, வயிறு மட்டும் காலையில் எழுந்த வயிறாகவே இருந்தது. அவர்கள் விழுங்கியதெல்லாம் எங்கே போகிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. ஏனென்றால் அன்று மதியம் குழி வழக்கத்தைவிடக் கொஞ்சம் நிறைவாக, ஏப்பத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறவர்போல, "அப்புறம்?" என்றது. மூலைவீட்டு அம்மாள் ஓடிப்போய் வீட்டில் இருந்த காயையெல்லாம் அரிந்து கொட்டினாள். இரவு அவர்களுக்குச் சாப்பாடு வயிற்றில் தங்கியது.

அன்றிலிருந்து ஆலடிக் காலனியில் வாளி காலியாகக் கிடந்த வீடு இல்லை. கிடைக்கிற கழிவைக் கொடுக்கிற காலம் போய், கொடுப்பதற்காகக் கழிவு உண்டாக்குகிற காலம் வந்தது. உருளைக்கிழங்கைப் பாதிக்குப் பாதி தடிமனாகச் சீவினார்கள். கத்தரிக்காயை இரண்டாக வெட்டி ஒன்றைக் குழம்பிலும் ஒன்றை வாளியிலும் போட்டார்கள். சுவரில் எழுதியிருந்ததைச் சுண்ணாம்பு அடித்து அழித்துவிட்டுச் சமைத்த சோற்றையும் கொட்டினார்கள், கொட்டுவதற்கென்றே தனியாக உலை வைத்தார்கள். பந்தி முறைப்படி போனால் அதற்குப் பிடிக்கும் என்று யாரோ சொல்ல, சாம்பாருக்குரிய முருங்கைச் சக்கை வாளிகள் முன்னாலும் ரசத்துக்குரிய தக்காளித்தோல் வாளிகள் பின்னாலும் வரிசையில் நின்றன. யாரும் வெளியூர் போகவில்லை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்த ஒருவர் பேருந்து நிலையம் வரை போய்விட்டு, வீட்டு வாளியை நினைத்துக்கொண்டு இருமுடியோடு திரும்பி வந்தார். இவ்வளவும் உள்ளே போனது, ஆனால் குழியின் மட்டம் ஒரு விரல்கூட உயரவில்லை. அடியில் இருந்த சின்னக் கதவைத் திறந்து பார்த்தால் உரம் இல்லை. குனிந்து பார்க்கிறவர்களின் முகத்தில் வெதுவெதுவென்று ஒரு மூச்சு மட்டும் வந்து பட்டது.

இப்போது பேச்சியம்மாள் வீட்டுக்குப் போவோம். அவள் சட்டைகளுக்குக் காஜா எடுத்துப் பட்டன் வைத்துக் கொடுக்கிறவள். புருஷன் லாரியோடு வடக்கே போயிருந்தான், அவன் குரல் மட்டும் அவ்வப்போது போனில் வரும். அந்த வீட்டில் கழிவு என்று ஒன்று கிடையாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், வாழைக்காய்த் தோல் பொரியலாகும், தர்ப்பூசணியின் வெள்ளைப் பகுதி கூட்டாகும், கீரைத் தண்டு சாம்பாருக்குப் போகும், கொத்தமல்லி வேர் ரசத்துக்குப் போகும். தட்டில் ஒரு பருக்கை மிஞ்சினால் தமயந்திக்கு அடுத்த வேளை அந்தப் பருக்கைதான் முதலில் வரும். அதனால் குழி வந்த பிறகு அவர்கள் வாளி காலியாகவே கிடந்தது, அவர்கள் வயிறும் காலியாகவே கிடந்தது.

காரணம் தெரிந்ததும் பேச்சியம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு மாறினாள். வாழ்க்கையில் முதல்முறையாகப் பீர்க்கங்காய்த் தோலைச் சதையோடு சேர்த்துச் சீவி வாளியில் போட்டு, தமயந்தியிடம் கொடுத்து, குழியில் கொட்டிவிட்டுப் பள்ளிக்கூடம் போ என்று அனுப்பினாள். நாள்தோறும் அப்படி அனுப்பினாள். ஆனாலும் அந்த வீட்டில் வயிறு நிறையவில்லை. ஏன் என்று பேச்சியம்மாளுக்கு விளங்கவில்லை. தமயந்திக்கு மட்டும் தெரியும்.

முதல் நாள் வாளியோடு படி இறங்கும்போது அவளுக்குப் பசித்தது. ராத்திரி சாப்பிட்டதும் காலையில் சாப்பிட்டதும் எங்கோ போய்விட்ட பசி. மாடிப்படித் திருப்பத்தில் நின்று, ஒரே ஒரு தோலை எடுத்துக் கடித்தாள். அது இனிப்பாக இருந்தது. பிறகு இன்னொன்று. கடைசிப் படியில் வாளி காலியாகிவிட்டது. குழிப்பக்கம் போகாமல் பின்வாசல் வழியாகப் பள்ளிக்கூடம் போனாள். நாளைக்குக் கட்டாயம் கொட்டிவிடுவேன் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாள் பசி இன்னும் கூடியிருந்தது. கொட்டாததால் பசி, பசியால் தின்றது, தின்றதால் கொட்டாதது என்று அது சுற்றிச் சுற்றி வந்தது, அதிலிருந்து எந்தப் படியில் இறங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. பழைய நட்சத்திரங்களைப் பள்ளித்தோழியின் கையிலிருந்து கெஞ்சி வாங்கிப் புறங்கையில் ஒட்டிக்கொண்டு வீடு திரும்பினாள்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். ஆதவன் என்று பெயர், அப்போதுதான் இரண்டிரண்டு வார்த்தையாகப் பேசப் பழகியிருந்தான். பெரியவர்களுக்குப் பசி பசியாக மட்டும்தான் இருந்தது. அவனுக்கு அது வேறு விதமாக வந்தது. அவன் கனம் குறைந்துகொண்டே போனான். இடுப்பில் வைத்தால் வைத்த மாதிரியே இல்லை என்று பேச்சியம்மாள் சொன்னாள். ஒருநாள் மின்விசிறியைப் போட்டதும் பாயில் படுத்திருந்தவன் சுவரோரமாக நகர்ந்துபோனான். இன்னொரு நாள் ஜன்னல் திறந்திருந்தபோது காற்றில் எழும்பித் திரைச்சீலையோடு ஒட்டிக்கொண்டு சிரித்தான். பேச்சியம்மாள் அலறவில்லை. அவனை எடுத்துவந்து, பழைய சேலையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, அதன் ஒரு முனையை அவன் அரைஞாண் கயிற்றிலும் மறு முனையை ஜன்னல் கம்பியிலும் கட்டிவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காஜா எடுக்க உட்கார்ந்தாள். தமயந்தி பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கீழே நின்று ஜன்னலைப் பார்த்து, சேலைப் பட்டை விறைத்து நிற்கிறதா என்று கவனித்த பிறகுதான் படி ஏறினாள்.

உரம் வராத குழியைக் கிளறிப் பார்த்துவிடுவது என்று நாகரத்தினம் ஒருநாள் முடிவு செய்தார். நல்ல வெயில் நேரம், எல்லோரும் கூடியிருந்தார்கள். அவர் நீளமான கவைக்கம்பை உள்ளே விட்டுச் சருகை விலக்கினார். கொட்டிய தோல் எதுவும் அங்கே இல்லை, கொட்டிய சோறும் இல்லை. சருகுக்கு அடியில், முதல் நாள் விரித்த தலைவாழை இலை, நுனி இடப்பக்கமாக, நடுநரம்பு முறியாமல், இப்போதுதான் தண்ணீர் தெளித்துத் துடைத்ததுபோலப் பச்சையாகக் கிடந்தது. அதன் ஓரத்தில் பேச்சியம்மாள் வைத்த உப்பு கரையாமல் இருந்தது.

கூட்டத்தில் ஒரு பெண், இலையை யார் மடித்தது என்று கேட்டாள். மடித்திருந்தால் இப்படியா விரிந்து கிடக்கும் என்று இன்னொருத்தி சொன்னாள். அப்போதுதான் காலனிக்கே விளங்கியது. சாப்பாடு முடிந்ததற்கு அடையாளம் இலையை மடிப்பது. மடிக்காத இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற விருந்தாளிக்குப் பந்தி இன்னும் நடக்கிறது. அது பேராசையால் கேட்கவில்லை, முறைப்படி காத்துக்கொண்டிருக்கிறது. மடிக்க அதற்குக் கை இல்லை.

அதற்குப் பிறகு செய்ததை நாகரத்தினம் செய்யாமல் இருந்திருக்கலாம். அவர் பதறிப்போய், அவ்வளவுதானே, நான் மடித்துவிடுகிறேன் என்று கவைக்கம்பால் இலையின் விளிம்பைத் தூக்கினார். தவமணி ஓடிவந்து கையைப் பிடிப்பதற்குள் தூக்கிவிட்டார். சாப்பிட உட்கார்ந்தவர் இலையை வீட்டுக்காரர் மடித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். கம்பு கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது, இலை மறுபடி விரிந்துகொண்டது. அந்த நொடியில் காலனியின் எல்லா அடுப்புகளிலும் பால் திரிந்தது, பானைச் சோறு கசந்தது, அன்றைய மதியச் சாப்பாட்டிலிருந்து வாளி கொட்டியவர்கள், கொட்டாதவர்கள் என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லா வீட்டிலும் எல்லோரும் தின்றுகொண்டே இருந்தார்கள், யாருக்கும் நிறையவில்லை. சின்னப் பிள்ளைகள் இருந்த வீடுகளில் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்கள்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். குழியை மூடிவிடலாம் என்றார் ஒருவர். சாப்பிடுகிறவர் வாயில் மண்ணைப் போட்டுவிட்டு இங்கே குடியிருக்க முடியுமா என்று அவரையே அடக்கினார்கள். காலனியைக் காலி செய்து போய்விடலாம் என்றார் ஒருவர்; விருந்தாளியை விட்டுவிட்டு வீட்டுக்காரர்கள் போனால் அது பின்னாலேயே வராதா என்று கேட்டார்கள். தவமணி கடைசியில் பேசினார். மண்டபத்தில் நாள்தோறும் பார்ப்பதுதான், பந்தியில் ஒருவர் இலையை மடித்தால் பக்கத்தில் இருப்பவரும் மடிப்பார், வரிசை சேர்ந்து எழுந்திருக்கும். இது தனியாக உட்கார்ந்திருக்கிறது, கூட ஆள் உட்கார்ந்து சாப்பிட்டு மடித்தால் இதுவும் எழுந்திருக்கும் என்றார். அப்படியானால் யாராவது உட்காருங்கள் என்றார்கள்.

"யார் உக்கார்றது? பரிமாறுன கை பந்தியில உக்காரக் கூடாதுல்ல," என்றார் தவமணி. "முதல் நாளும் சரி, அப்புறமும் சரி, இங்க இருக்க அத்தனை பேரும் அதுக்குப் போட்டவய்ங்கதான். போடாத கை ஒண்ணு வேணும்."

கூட்டம் தன் கைகளைப் பார்த்துக்கொண்டது. பிள்ளைகள் நட்சத்திரம் ஒட்டிய கைகளைப் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். தொட்டில் பிள்ளைகளைத் தவிரப் போடாத கை அந்தக் காலனியில் இல்லை என்று ஆனது, தொட்டில் பிள்ளை இலையை மடிக்காது. வெளியாளைக் கூட்டிவரலாம் என்றால், யார் வருவார்கள்?

தமயந்தி அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஜன்னல் கம்பியில் சேலைப் பட்டை விறைத்து நிற்பது மட்டும் கண்முன்னே வந்தது.

"நான் போடல," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். "முதல் நாளு எனக்கு அம்மை. அப்புறம் அம்மா குடுத்து விட்டத நான் ஒரு நாள்கூடக் கொட்டல. படியில நின்னு தின்னுட்டேன்."

முன்வரிசையில் ஒருவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். பேச்சியம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். அடிப்பாள் என்று தமயந்தி தோளைக் குறுக்கினாள்.

"கழுவித் தின்னியாத்தா?" என்று கேட்டாள் பேச்சியம்மாள். "நான் மண்ணோடதான போட்டு விட்டேன்."

மறுநாள் மதியம் தமயந்தியைக் குழியோடு பந்தியில் உட்காரவைக்க எல்லா வீடும் சேர்ந்து சமைத்தது. சமைக்கும்போதே இன்னொரு பேச்சும் நடந்தது, அது வெங்காயம் அரிகிற இடத்திலிருந்து தேங்காய் துருவுகிற இடத்துக்கும், அங்கிருந்து அடுப்படிக்கும் தணிந்த குரலில் போய் வந்தது. பிள்ளை இலையை எந்தப் பக்கம் மடிப்பது? கல்யாண வீட்டில் தன் பக்கமாக மடிப்போம், உறவு தொடரட்டும் என்று. துக்க வீட்டில் எதிர்ப்பக்கமாக மடிப்போம், இது இத்தோடு போகட்டும் என்று. எதிர்ப்பக்கமாகவே மடிக்கட்டும், தொலையட்டும் என்றார்கள் பெரும்பாலோர். அப்படி மடிக்க ஒரு சாவு வேண்டுமே என்றார் தவமணி. சாவு விழாத வீட்டில் எதிர்ப்பக்கம் மடித்தால், மடித்த கையின் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டுதான் அது எழுந்திருக்கும். இதைச் சொல்லும்போது அவர் இரண்டாம் மாடி ஜன்னலைப் பார்க்காமல் இருக்க முயன்றார், ஆனால் எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். சரி, தன் பக்கமாக மடித்தால்? எழுந்து போகும், ஆனால் மடித்தவளுக்கு உறவாகிவிடும். இன்றைக்கு நிறையும், நாளைக்குப் பசித்தால் அவள் வாசலுக்குத்தான் வரும், அவள் எந்த ஊரில் குடியிருந்தாலும் வரும், கட்டிக்கொண்டு போகிற வீட்டுக்கும் வரும், வருகிறபோதெல்லாம் அவள் எழுந்து பரிமாற வேண்டும்.

நாகரத்தினம் தமயந்தியைத் தனியாக அழைத்து உட்காரவைத்து, இரண்டையும் பொறுமையாகச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, பயந்துபோயிருந்தார். அவர் வீட்டிலும் கைக்குழந்தை இருந்தது.

"எதிர்ப்பக்கம் மடிச்சிரு தாயி," என்றார். "தம்பிக்கு ஒண்ணும் ஆகாது, தவமணி சும்மா பயமுறுத்துறாரு. நீ உன் பக்கம் மடிச்சா, அது உன்னச் சுத்தித்தான் வரும். அப்புறம் உங்க வீட்ட இந்தக் காலனியில வச்சிருக்க ஜனங்க சம்மதிக்க மாட்டாங்க. நானே சொன்னாலும் கேக்க மாட்டாங்க."

தமயந்தி தலையாட்டினாள். எதற்குத் தலையாட்டினாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

குழியின் விளிம்பில் ஒரு பலகை போட்டு அவளை உட்காரவைத்தார்கள். சருகை விலக்கியதும் எதிரே, கை நீட்டினால் தொடலாம் என்கிற ஆழத்தில் அந்தப் பச்சை இலை தெரிந்தது. அவளுக்கும் ஒரு தலைவாழை இலை போட்டார்கள். பேச்சியம்மாள்தான் பரிமாற வேண்டும் என்று சொல்லிவிட்டாள். முதலில் உப்பு வைத்தாள். பிறகு இரண்டு இலைகளுக்கும் மாறி மாறி, கூட்டு, பொரியல், அப்பளம், வடை, சோறு, பருப்பு, நெய். ஜனங்கள் வட்டமாக, ஆனால் தள்ளி, பிள்ளைகளின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தமயந்தி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். எதிர் இலையில் அதே அளவு சோறு குறைந்தது.

"அப்புறம்?" என்றது குழி.

இவ்வளவு பக்கத்திலிருந்து அந்தக் குரலை யாரும் கேட்டதில்லை. அது பெரியவர் குரலும் இல்லை, குழந்தைக் குரலும் இல்லை. மூச்சு வெதுவெதுப்பாக அவள் முகத்தில் பட்டது, அதில் மழை பெய்த மண்ணின் வாசனையும், அடியில் எங்கோ பீர்க்கங்காய்த் தோலின் வாசனையும் இருந்தது. பேச்சியம்மாள் சாம்பார் ஊற்றினாள். தமயந்தி சாப்பிட்டாள், எதிர் இலையும் சாப்பிட்டது. அப்புறம் என்றது, ரசம் வந்தது. அப்புறம் என்றது, பாயசம் வந்தது. அப்புறம் என்றது, மோர் வந்தது. தமயந்தி வழித்துச் சாப்பிட்டாள். இத்தனை நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டாள். அவள் வயிறு நிறையவில்லை. இன்னும் போடச் சொல்லலாம் என்று இருந்தது, இப்படியே எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே இருந்துவிடலாம் என்று இருந்தது, அதற்கும் அப்படித்தான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பாத்திரங்கள் காலியாகிவிட்டன.

"அப்புறம்?"

மேலே, இரண்டாம் மாடியில், காற்று கிளம்பியது. சேலைப் பட்டை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, அதன் முனையில் ஆதவன் ஒரு பட்டம்போலத் தாழ்ந்து உயர்ந்து, கீழே அக்காவைப் பார்த்துக் கைதட்டினான். அரைஞாண் கயிறு அவன் இடுப்பிலிருந்து மெல்ல நழுவிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு பெண் எதிர்ப்பக்கம், எதிர்ப்பக்கம் என்று வாய்க்குள் சொன்னாள், அது கூட்டம் முழுக்கப் பரவி ஒரு முணுமுணுப்பாகச் சுற்றி வந்தது. நாகரத்தினம் கண்களை மூடிக்கொண்டார்.

தமயந்தி அம்மாவைப் பார்த்தாள். பேச்சியம்மாள் காலிப் பாத்திரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"எந்தப் பக்கம் மடிச்சாலும் வா," என்றாள். "வீட்டுக்குப் போவோம். எந்த வீடா இருந்தாலும்."

தமயந்தியின் இலையில் அரை அப்பளமும் நாலு பருக்கையும் மிச்சம் இருந்தன. அவள் இதுவரை இலையில் எதையும் மிச்சம் வைத்ததில்லை. அதைத் தொடாமல் விட்டாள். எதிர் இலையைப் பார்த்து, "எனக்குப் போதும்," என்றாள்.

பிறகு இலையைத் தன் பக்கமாக மடித்தாள்.